வீட்டில் பாதியை வாடகைக்கு விட நினைப்போருக்கு

சென்ற மாதம் என் மருமகன் ஒருவன் ஒரு கணக்குத் தாளுடன் வந்தான். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவியும் ஒரு குழந்தையும். தெகிவளையில் விலைக்கு வந்திருக்கும் மாடி வீடு ஒன்றை வங்கிக் கடனில் வாங்கிக் கீழே தான் குடியிருந்து, மேல்மாடியை வாடகைக்கு விடப் போகிறானாம். அந்த வாடகையால் கடன் தவணை கழியுமாம். இரண்டு வருடத்தில் அடுத்த வீடு, நான்கு வருடத்தில் மூன்றாவது. "இதற்கு ஹவுஸ் ஹக்கிங் என்று பெயர், மாமா" என்றான். அமெரிக்கர் ஒருவரின் காணொளியில் பார்த்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெயர் புதிது, காரியம் பழையது. வெள்ளவத்தையின் குறுக்குத் தெருக்களில் 'அனெக்ஸ்' இல்லாத வீட்டை நான் அதிகம் கண்டதில்லை. 1978 இல் பத்திரிகை ஒன்றில் ஒப்பு நோக்குநராகச் சேர்ந்து கொழும்புக்கு வந்தபோது நான் குடியிருந்ததும் அப்படியொரு அனெக்ஸில்தான். ஓர் அறை, ஓர் ஒட்டுக் குசினி, வளவின் மூலையில் குளியலறை. கணவனை இழந்த அந்த வீட்டு அம்மா எங்கள் வாடகையைக் கொண்டே மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தார். அவருக்கு அது முதலீடல்ல, பிழைப்பு.

ஆகவே மருமகனின் எண்ணத்தை நான் குறை கூறவில்லை. சொந்தக் கூரையின் கீழ் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுத் தொடங்குவதுதான், கைமுதல் குறைந்த குடும்பம் ஒன்றுக்கு இத்துறையில் இருக்கும் ஆபத்துக் குறைந்த வழி. ஆனால் அவன் கொண்டுவந்த கணக்கு அமெரிக்காவின் கணக்கு. அங்கே தான் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு, அது நான்கு குடும்பங்கள் வரை வாழக்கூடிய கட்டடமாக இருப்பினும், அரசின் காப்புறுதியுடன் நூற்றுக்கு மூன்றரை வீத முற்பணத்தில் கடன் பெற வழியுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு வட்டி மாறாத கடனும் அங்கே சாதாரணம். இவ்விரண்டும் இருப்பதாலேயே அந்தக் காணொளிக்காரர் அவ்வளவு தைரியமாகப் பேசுகிறார்.

எங்கள் வங்கிகள் பெறுமதியின் கணிசமான பகுதியை எமது கையிலிருந்தே எதிர்பார்க்கின்றன. வட்டியோ சில ஆண்டுகள் நிலையாக நின்று, பின்னர் சந்தையோடு ஏறி இறங்குவது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளிகளால் உயர்த்தியதை யாரும் மறந்திருக்க முடியாது. மருமகனின் தாளிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கோடி ரூபா கடன், இருபது ஆண்டுகள், 12 வீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,10,000 ரூபா. அதே கடன் 20 வீதத்துக்குப் போனால் 1,70,000 ரூபா. மேல்மாடிக்கு அவன் எதிர்பார்க்கும் வாடகை 60,000. வருடத்தில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும். இன்னொரு மாத வாடகையைக் கூரையும் குழாயும் வெள்ளையடிப்பும் விழுங்கும். மிஞ்சுவது மாதத்துக்கு 50,000. முதற் கணக்கில் அது தவணையில் பாதியைக்கூட எட்டவில்லை; இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாடகை கடனைக் கட்டாது, கடனுக்குக் கைகொடுக்கும் என்பதே சரி. மீதியை உன் சம்பளத்தால், வட்டி ஏறிய காலத்திலும் கட்ட முடியுமானால் வாங்கு என்றேன். இரண்டாவது வீட்டைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றது.

அடுத்ததாக அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். மேல்மாடிக்கான படிக்கட்டு வரவேற்பறைக்குள் இருந்து ஏறுகிறது! குடியிருக்க வருபவர் இரவு பத்து மணிக்கு வேலையால் வந்தால் உங்கள் சாப்பாட்டு மேசையைக் கடந்தே போக வேண்டும். தனி வாசல் இல்லாத மேல்மாடி பாதி வாடகைக்கும் போகாது. மின்மானியும் ஒன்றே. எமது நாட்டில் மின்கட்டணம் அலகு கூடக்கூட அலகொன்றின் விலையும் கூடும் முறையில் அறவிடப்படுகிறது. இரு குடும்பங்கள் ஒரே மானியில் ஓடினால் இருவரும் உயர்ந்த படிக்குத் தள்ளப்படுவர். மாதா மாதம் சண்டையும் வரும். தனி மானி பெறும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். தண்ணீருக்கும் அப்படியே. மேல்மாடி மாநகர சபையின் அனுமதியுடன் கட்டப்பட்டதா, இணக்கச் சான்றிதழ் உண்டா, சோலைவரி நிலுவை இல்லையா என்பதெல்லாம் உறுதியை எழுதுவதற்கு முன்பே சட்டத்தரணி பார்க்க வேண்டியவை.

எழுத்து என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையெழுத்திட்டு விட்டால் அது ஒரு வருட ஒப்பந்தம் என்று எம்மவர் பலர் நம்புகின்றனர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்கிறது அது. குத்தகைக் காலம் முடிந்த பின் இடத்தை மீளப் பெற விரைவான நடைமுறையை வகுத்த 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் பயனை எண்ணுபவரும் எழுத்தை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர்களின் பழைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1972 இன் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எழுப்புவதை மிகக் கடினமாக்கியது. மறு ஆண்டு வந்த வீட்டு ஆதன உச்ச வரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கே எல்லை போட்டது. அக்காலத்தில் வாடகைக்கு விட்டவர் வீட்டை இழந்த கதைகள் கொழும்பு எங்கும் உண்டு. ஆனால் குடியிருப்பவர் பக்கத்தின் அச்சத்தைப் பற்றி எம்மவர் பேசுவது குறைவு. அதைப் பற்றி நான் பேசுவதற்கு வேறொரு காரணம் இருக்கிறது.

2006 இல் நானும் ஒரு வீட்டுக்காரன். வெள்ளவத்தையில் நாங்கள் வாழ்ந்த வீட்டின் பின்புற அறையையும் குசினியையும், முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு தாய்க்கும் மகளுக்கும் கொடுத்திருந்தோம். கனடாவில் இருந்த தகப்பனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தார்கள். வாடகை ஒருநாளும் பிந்தியதில்லை. வீட்டில் இருப்போர் விபரத்தைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம், பதிந்திருந்தோம். ஆயினும் இரண்டு இரவுகள் சோதனைக்கு வந்தார்கள். இரண்டாவது இரவுக்குப் பின் என் மனைவி நித்திரை கொள்ளவில்லை. மறுநாள் காலை நான் அந்தத் தாயிடம் சென்று, பத்து நாளில் வேறிடம் பார்க்கும்படி சொன்னேன். "சரி ஐயா" என்றார். முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் போனது ஒரு விடுதிக்கு.

2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலை, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்கவே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த வாரம் நான் கடுமையான கண்டனக் கட்டுரை ஒன்று எழுதினேன். பலர் தொலைபேசியில் பாராட்டினர். இரண்டு பேரை ஒரு விடுதிக்கு அனுப்பிவைத்தவன் நான் என்பது அந்தக் கட்டுரையில் இல்லை. அவர்கள் அந்தப் பேருந்துகளில் இருக்கவில்லை என்பதைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தேன்.

அந்த மகள் இன்று ஸ்காபரோவில் வீட்டுக்காரி. அங்குள்ள எம்மவர் பலரைப் போல நிலக்கீழ்த் தளத்தை ஒரு மாணவ சோடிக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறாள். நான் ரொறன்ரோ சென்றிருந்தபோது தானாகவே தேடி வந்து பார்த்தாள். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேச்சு வாக்கில், ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் தன் சொந்தத் தேவைக்கு இடத்தைக் கேட்டாலும் குறைந்தது 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தை விளக்கினாள். நான் கொடுத்தது பத்து நாள்.

இதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் தாளில் மேல்மாடிக்கு வரப்போகிறவர் 'வருமானம்' என்ற ஒரு வரியாக மட்டும் இருந்தார். உண்மையில் அவர் உன் தலைக்கு மேல் நடக்கும் ஒரு குடும்பம். அவர்களின் குழந்தை இரவில் அழும். உன் குழந்தையும் அழும். 2022 இல் வரிசைகளில் நாடே நின்ற நாட்களில் எங்கள் பின்னறையில் இருந்த இளைஞனுக்கு வேலை போயிற்று. ஐந்து மாதம் பாதி வாடகை வாங்கினோம். புண்ணியத்துக்காக அல்ல, பழைய கடன் ஒன்று மனத்தில் இருந்தது, அறை வெறுமையாகக் கிடந்தால் பாதியும் வராது என்ற கணக்கும் இருந்தது. அவன் இன்னும் எங்களுடனேயே இருக்கிறான். இடையில் தரகருக்கு ஒரு சதம் கொடுக்கவில்லை, வெள்ளையடிக்கவில்லை. சந்தை வாடகையைவிடச் சற்றுக் குறைத்துக் கேட்டு, நல்லவர் ஒருவரை நெடுங்காலம் வைத்திருப்பதே இலாபம் என்பது என் அனுபவம். வருடா வருடம் ஆளை மாற்றி வாடகை ஏற்றும் நண்பர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வாசகர்கள், இங்கு ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று என்னைக் கேட்பதுண்டு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றப்படுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அத்தடை இல்லை. தொடர்மாடி வீடுகளுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் ரொறன்ரோவிலிருந்து கொண்டு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றை வாடகைக்கு விடுவதும், நான் சொல்லும் காரியமும் ஒன்றல்ல. அங்கே உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் ஒரு தரகர் நிற்பார். குழாய் ஒழுகுவது உங்களுக்குக் கேட்காது.

மருமகன் இன்னும் முடிவெடுக்கவில்லை. படிக்கட்டை வீட்டுக்கு வெளியே மாற்ற மேசன் எவ்வளவு கேட்கிறார் என்று விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்தக் கணக்குத் தாள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.