பெட்டிமுடியின் எழுபது பெயர்கள்

மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயத்தைக் காணச் செல்வோர் தவறாமல் கேட்கும் கதை ஒன்று உண்டு. அங்கே ஆலயத்தைவிடக் கல்லறைத் தோட்டமே மூத்தது. 1894 டிசம்பரில் காலரா கண்டு மாண்ட எலினார் இசபெல் மே என்னும் இளம் ஆங்கிலப் பெண்ணை அவளுடைய கணவர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட் அந்தக் குன்றின்மேல் அடக்கம் செய்தார். ஆலயம் எழுந்தது 1910–11இல். உள்ளே சுவரில் தோட்டத் துரைமார் சிலரின் பெயர்கள் பித்தளைத் தகட்டில் மின்னுகின்றன.

அந்தப் பெண்ணின் துயரம் மெய்யானது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மலையேறிக் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களும் காய்ச்சலிலும் கொள்ளைநோயிலும் மாண்டார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல வழிகாட்டிகளிடம் கதை இல்லை. மண்மேடும் மரச்சிலுவையும் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

இந்த மறதிக்கு மனக்குறையைவிட வீட்டுக்குறையே பெருங்காரணம். லயம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் பதிந்திராவிட்டால், வீட்டை ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் கீழ்நாட்டுக்குத் திரும்பும்போது பாத்திர பண்டங்களைக் கொண்டுபோகலாம். கல்லறையைக் கொண்டுபோக முடியாது. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற ஆளில்லாத மேடுகள் இப்படித்தான் பெருகின.

2020 ஆகஸ்டு 6 இரவில், ராஜமலைக்கு அப்பால் நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில், உறங்கிக்கொண்டிருந்த லயங்கள்மீது மலை சரிந்தது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். எழுபது பேர் மாண்டனர். அறுபத்தாறு உடல்கள் கிடைத்தன, நால்வர் கிடைக்கவேயில்லை. பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து நேர்ந்தது. விமானத்தில் இறந்தோர் குடும்பங்களுக்குக் கேரள அரசு பத்து லட்சமும் பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பங்களுக்கு ஐந்து லட்சமும் அறிவித்தது. இந்த வேறுபாடு அன்றே கேள்விக்குள்ளானது. பின்னர்க் குட்டியார்வாலியில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது.

அந்நாள்களில் இந்நாடு முழுதும் அறிந்த பெட்டிமுடிப் பெயர் ஒன்றே ஒன்று: குவி. தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலை ஆற்றோரத்தில் கண்டுபிடிக்கக் காரணமான நாயின் பெயர் அது. நாயின் அன்பைப் போற்றியது பிழையன்று. எனினும் குவியின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களில் எத்தனை பேர், மாண்ட எழுபதின்மருள் ஒருவர் பெயரையாவது அறிவார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கூசுகிறது.

உயிரிழந்தவரை எண்ணாக்குவது பேரிடரின் இரண்டாவது வன்முறை. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவில் அடையாளம் தெரியாமற்போனவர்களைப் புத்துமலையில் எண்ணிட்டுப் புதைத்தார்கள். மரபணுச் சோதனை முடிய முடியப் பல குழிகளில் எண் நீங்கிப் பெயர் வந்தது. பெயர் தெரிந்த பின்னரே அழ முடிந்த குடும்பங்கள் அங்கே உண்டு. மூணாற்றுக்கும் நினைவுகூரத் தெரியாமலில்லை. 1984 நவம்பர் 7 அன்று தொங்குபாலம் அறுந்து மாண்ட பதினான்கு மாணவர்களை அவ்வூர் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள் நியாயமாகிறது. மலைநாட்டுத் திருச்சபைகள், கத்தோலிக்கப் பங்குகளானாலும் சீர்திருத்தச் சபைகளானாலும், ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்றோ அதனையடுத்த ஞாயிறன்றோ, பொதுவாக ‘மரித்த விசுவாசிகளுக்காக’ என்று மன்றாடுவதோடு நில்லாமல், பெட்டிமுடியின் எழுபது பெயர்களையும் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க வேண்டும். அவற்றோடு தத்தம் அடக்கப் பதிவேட்டிலிருந்து பழைய தோட்டத் தொழிலாளர் பெயர்களையும் ஆண்டுக்குச் சில பக்கங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். தாள் நொறுங்குமுன் பதிவேடுகளைப் படியெடுக்கவும் அதுவே தூண்டுகோலாகும்.

எழுபதின்மரில் இந்துக்களும் இருந்தார்களே, அவர்கள் பெயரை ஆலயத்தில் படிப்பது முறையா என்று கேட்போர் இருப்பர். ராஜமலையில் பொக்லைன் எந்திரம் தோண்டிய குழிகளில் அவர்களை அடுத்தடுத்துக் கிடத்தியபோது எவரும் சமயம் பார்த்துப் பிரிக்கவில்லை. ஒரே பிரட்டில் பெயர் கொடுத்து, ஒரே நிரையில் கொழுந்து கிள்ளி, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். ஆலயத்தில் படிக்கத் தயங்கினால் மாரியம்மன் கோயில் முற்றத்திலும் படிக்கட்டும். இரண்டிடத்தும் படித்தால் இன்னும் நன்று.

கம்பெனி கட்டிய கல்லறைகள் ராஜமலையில் இருக்கின்றனவே என்பது மற்றொரு மறுப்பு. கல் வேண்டும்தான். ஆனால் அது தோட்டத்து நிலத்தில் நிற்கும் கல். அங்கே ஆகஸ்டு மழையில் வந்து நிற்க, பயணச்செலவும் ஒருநாள் கூலியும் இழக்க வேண்டியவர்கள் உறவினர்கள். கயத்தாற்றிலிருந்து எல்லோராலும் ஆண்டுதோறும் மலையேற இயலாது. எனவே அந்தப் பெயர்ப்பட்டியலின் படியொன்று கயத்தாற்று ஆலயங்களுக்கும் கோயில்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கே படிக்கும்போது, பெயருக்குரியவரைக் குழந்தையாகத் தூக்கி வளர்த்த பாட்டி ஒருத்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.