மூலம் என்று முடிவு கட்டும் முன்

ஆசனவாயில் ரத்தம் கசிகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், மருந்துச் சீட்டு எழுதும் முன் மருத்துவர் கையுறை போட்டு ஒரு விரலால் உள்ளே தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஸ்கேன் வேண்டாம், கையுறையும் கொஞ்சம் ஜெல்லியும் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால் என் மதினி மாதக்கணக்கில் மூலத்துக்கு மருந்து தின்றுகொண்டிருந்தார். அவருக்கு இருந்தது ஆசனவாய்ப் புற்றுநோய்.

கேரளத்தில் பொன்முடி அடிவாரத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம் எங்களுடையது. இப்போது வித்துராவில் இருக்கிறோம். மதினி கொழுந்து கிள்ளியவர். மாதவிலக்கு நின்று வருடங்கள் கழிந்த பிறகு துணியில் ரத்தம் கண்டிருக்கிறார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பெண்ணின் உடம்பில் நடப்பதை மறைத்து வைப்பது எவ்வளவு பாடு என்று. அப்படியும் மறைத்தார். துத்திக்கீரையை வதக்கிச் சாப்பிட்டார். கருணைக்கிழங்கு லேகியம் வாங்கினார். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் “மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணப்படுத்தப்படும்” என்று எழுதியிருக்குமே, அப்படிப்பட்ட ஓர் இடத்துக்கும் போயிருக்கிறார். களிம்பு கொடுத்தார்கள். அதற்கு முன்பு பார்த்த மருத்துவரும் பார்த்தது நாக்கையும் இமையையும்தான். சேலையை விலக்கச் சொல்ல அவருக்கும் கூச்சம், விலக்க இவருக்கும் கூச்சம். மாத்திரையோடு முடிந்தது.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் மதினி உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தபோதுதான் நான் விடாமல் கேட்டேன். “யாருட்டயும் சொல்லிராத” என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

நெடுமங்காட்டில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். திரையை இழுத்துவிட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றும்போதே அவர் முகம் மாறிவிட்டது. கல் மாதிரி ஒரு தடிப்பு, விளிம்பில் புண். அன்றைக்கே ஆர்.சி.சி.க்குக் கடிதம் எழுதினார்.

1981-இல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தைத்தான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஆர்.சி.சி. என்கிறோம். கேரளத்து ஆட்களுக்கு மட்டுமான இடமில்லை அது. அங்கே வரிசையில் நின்றால் நாகர்கோவில் தமிழும் திருநெல்வேலித் தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். அதனால்தான் இதை ஒரு தமிழ்ப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

அங்கே முதலில் புராக்டோஸ்கோப் குழாய் வைத்துப் பார்த்து, ஒரு துணுக்குச் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். இடுக்கு நெறியில் ஊசியால் உறிஞ்சிச் சோதித்தார்கள். கட்டி மலத்தை அடக்கும் தசைவரை போயிருக்கிறதா, பெண்ணுறுப்புச் சுவரைத் தொட்டிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. சொன்னது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவவில்லை என்று சி.டி. சொன்னது. கூடவே கர்ப்பப்பை வாயையும் சோதித்தார்கள், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் எழுதினார்கள். அங்கேதான் மதினி உடைந்து அழுதார். “என்னைப் பத்தி என்ன நெனைக்காங்க?” என்றார்.

இந்தக் கேள்வி நிறையப் பேரின் வாயை அடைத்து வைத்திருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தருவதும் இதே வைரஸ்தான். அதைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலானவர்களின் உடம்புக்குள் வாழ்நாளில் எப்போதாவது அது வந்துபோகிறது. தோலோடு தோல் உரசினாலே தொற்றும். ஆசனவாய் வழி உறவு இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. கல்யாணமான புதிதில் புருஷனிடமிருந்து தொற்றியது முப்பது வருடம் கழித்துக் கட்டியாக வரலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். எதிர்ப்புச் சக்தி எப்படி இருக்கிறது, எந்த அளவு மருந்தைத் தாங்கும் என்று அறியத்தான் அந்தப் பரிசோதனை. நடத்தைக்கு மதிப்பெண் போட இல்லை. ஆர்.சி.சி. செவிலியர் ஒருவர் இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். அதன் பிறகுதான் மதினி கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் செய்து, வயிற்றில் மலத்துக்கு நிரந்தரமாகப் பை வைத்துவிடுவார்கள் என்று பயந்துபோயிருந்தோம். ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. ஆசனவாயையும் மலக்குடலையும் சேர்த்து அகற்றிவிடுவார்கள். அதை மாற்றியவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர அறுவை மருத்துவர் நார்மன் நைக்ரோ. ஆபரேஷனுக்கு முன் கட்டி சுருங்கட்டும் என்று மூன்று நோயாளிகளுக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு பேருக்கு ஆபரேஷன் செய்து எடுத்த சதையில் தேடிப் பார்த்தால் புற்றே இல்லை. மூன்றாமவர் ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்; அவருக்கும் நோய் போய்விட்டது. 1974-இல் நைக்ரோ இதை எழுதினார். அதிலிருந்து வளர்ந்த முறைதான் இன்றைக்கு உலகம் முழுவதும் முதல் சிகிச்சை. பையை எண்ணி ஆஸ்பத்திரிக்கே வராமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு.

சிகிச்சை லேசானது என்று நான் சொல்ல மாட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்தாறு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். மேசையில் படுப்பது சில நிமிடம்தான். முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் கீமோ. மூன்றாவது வாரம் தாண்டியதும் இடுக்குத் தோல் கறுத்து உரிகிறது. மலம் கழிப்பது நெருப்பை மிதிப்பது போல. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்காருவதும் தளர்ந்த பருத்தித் துணியும்தான் ஆறுதல். இந்த நிலையில் வித்துராவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் தினமும் போய் வர யாராலும் முடியாது. குமாரபுரத்தில் ஓர் அறை எடுத்தோம். மெடிக்கல் காலேஜ் வாசலில் இளைஞர்கள் வீடுவீடாகத் திரட்டிக்கொண்டு வந்து கொடுக்கும் பொதிச்சோறு பல நாள் எனக்கு மதியச் சாப்பாடு. வலி தாங்காமல் நடுவில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர்களையும் பார்த்தேன். இடைவெளி விட்டால் பலன் குறையும். ஆகவே இப்படிப்பட்ட நோயாளிக்கு மருந்துக்கு இணையாகத் தங்குமிடமும் வேண்டும். அரசாங்கம் அதைச் சிகிச்சைச் செலவாகவே கணக்கிட வேண்டும் என்பது என் கட்சி.

கரண்ட் முடிந்த அன்றைக்கே கட்டி மறைந்துவிடாது. ஆறு மாதம் வரைகூட மெல்லக் கரையும். அதற்குள் பயந்துபோய் ஆபரேஷன் செய்ய வேறு ஆஸ்பத்திரி தேடி ஓடக்கூடாது. இதையும் பெண்ணுறுப்பு சுருங்கிவிடாமல் இருக்கச் செய்ய வேண்டிய பயிற்சியையும் தனி அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். எல்லா இடத்திலும் எல்லாப் பெண்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். வயதான பெண்ணுக்கு எதற்கு என்று விட்டுவிடக் கூடாது.

மதினிக்கு நோய் அடங்கியிருக்கிறது. முறை தவறாமல் செக்கப்புக்குப் போகிறார். அங்கே ஒவ்வொரு தடவையும் முதலில் செய்வது அதே விரல் பரிசோதனைதான்.

ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் தொடாமல் அதைச் சொல்ல முடியாது. ஒரு திரை, ஒரு கட்டில், பெண் நோயாளி என்றால் பக்கத்தில் ஒரு பெண் ஊழியர் – இவை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையமோ தாலுகா ஆஸ்பத்திரியோ இருக்கக் கூடாது. எச்.பி.வி. தடுப்பூசி நம் நாட்டிலேயே தயாராகி 2023 முதல் விற்பனையில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் போடுவதைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்த நோய் ஆண்களுக்கும் வருவதால் ஆண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும்.

துணியில் ரத்தம் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவர் இதைப் படித்தால், இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் போங்கள். தொடாமலே மூலம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். “விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், டாக்டர்” என்று நீங்களே கேளுங்கள்.