பற்றரிக்கு ஏற்ற சார்ஜரைத் தெரிவு செய்வது எப்படி?



வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் அரிசி, மா, சீனி, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, மின்சாரப் பட்டியல் என்று வரிசையாக எழுதுவோம். பற்றரி என்று ஒரு வரி எழுதுகின்றவர்கள் மிகக் குறைவு. இரண்டு, நான்கு என்று கடையில் சில்லறையோடு சில்லறையாக வாங்குவதால் அது செலவாகவே நமது கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகனின் விளையாட்டுக் காருக்கு நான்கு பென்டோர்ச் பற்றரி வேண்டும். அது இரண்டு வாரத்தில் தீர்ந்து விடுகின்றது. வருடத்திற்கு 52 வாரங்கள். அப்படியானால் 26 தடவை, தடவைக்கு நான்கு வீதம் 104 பற்றரிகள்! ஒரு விளையாட்டுச் சாமானுக்கு மட்டும் இவ்வளவு. இதோடு டோர்ச், கம்பியில்லா மவுஸ் எல்லாவற்றையும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும்? இந்த 104 பற்றரிகளும் கடைசியில் குப்பைக்குத்தான் போகின்றன. வீண் விரயம் என்று நாம் அடிக்கடி பேசுகின்றோமே, அது கலியாண வீட்டுச் சாப்பாட்டில் மட்டும் நடப்பதல்ல.

இதற்கு மாற்றாக இருப்பதுதான் மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பாவிக்கும் பற்றரி. ஆனால், “நாங்களும் வாங்கினோம், ஆறு மாதத்தில் செத்துப் போய்விட்டது” என்று குறை சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் அங்கே பற்றரியைக் கெடுத்தது சார்ஜர்தான். ஆகவே முதலில் பற்றரியையும் பிறகு சார்ஜரையும் விளங்கிக் கொள்வோம். இது ஆண்கள் பார்க்கும் வேலை என்று ஒதுங்கி விடாதீர்கள். வீட்டில் இதைத் தினமும் கையாளப் போகின்றவர்கள் நீங்கள்தான்.

எந்தப் பற்றரி?

இன்று வீட்டுப் பாவனைக்கு ஏற்றது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் என்ற வகை. பற்றரியின் மேல் என்-ஐ-எம்-எச் என்ற ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். முன்பு புழங்கிய நிக்கல் காட்மியம் வகையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கின்றது. அதைப் புதிதாக வாங்க வேண்டாம்.

மெட்டல் ஹைட்ரைட் வகையிலும் இரண்டு விதம் உண்டு. பழைய விதத்தை மின்னேற்றி அலுமாரியில் வைத்தால், சில மாதங்களில் தானாகவே பெருமளவு இறங்கி விடும். 2005 ஆம் ஆண்டு ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் ஒரு புது விதத்தைக் கொண்டு வந்தது. ஒரு வருடம் சும்மா வைத்திருந்தாலும் அதில் மின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இன்று பல நிறுவனங்கள் இவ்வகையைச் செய்கின்றன. பக்கட்டின் மேல் ‘மின்னேற்றப்பட்டது, உடனே பாவிக்கலாம்’ என்ற கருத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பெரும்பாலும் அது இவ்வகைதான்.

அடுத்தது, எம்-ஏ-எச் என்று போட்டிருக்கும் இலக்கம். ஒரு பற்றரி எவ்வளவு மின்னைப் பிடித்து வைக்கும் என்பதன் அளவு அது. ஏஏ எனப்படும் பென்டோர்ச் அளவுக்கு 2000 அளவிலும், அதைவிட மெலிந்த ஏஏஏ அளவுக்கு 800 அளவிலும் இருந்தால் நல்லது. ஏஏ அளவில் 3500, 4000 என்று போட்டிருந்தால் வாங்காமல் திரும்புங்கள். அந்த அளவுள்ள மெட்டல் ஹைட்ரைட் பற்றரியில் 2500, 2700 அளவுக்கு மேல் பிடிக்காது. இலக்கத்திலேயே பொய் சொல்பவன் மற்றதில் உண்மை சொல்வானா?

சாதாரண சார்ஜர் என்ன செய்கின்றது?

கிணற்றடியில் இரண்டு குடங்கள் இருக்கின்றன. ஒன்று வெறும் குடம், மற்றது அரைக்குடம். கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டுக்கும் பத்துப் பத்து வாளி ஊற்றினால் என்ன நடக்கும்? ஒன்று நிறையாது, மற்றது வழிந்து ஓடும். மலிவான சார்ஜரின் வேலை இதுதான். பற்றரியில் ஏற்கனவே எவ்வளவு இருக்கின்றது என்று அது பார்ப்பதில்லை. சொருகியதிலிருந்து கழற்றும் வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் நேரம் வைத்து நிறுத்தும் வசதி இருந்தாலும் அது மணிக்கூட்டைப் பார்க்கின்றதே தவிர பற்றரியைப் பார்ப்பதில்லை. நிறைந்த பற்றரிக்குள் மேலும் மின் ஏறினால் அது சூடாக மாறும். அந்தச் சூடுதான் பற்றரியின் ஆயுளைத் தின்பது.

ஸ்மார்ட் சார்ஜர் எனப்படுவது ஒவ்வொரு குடத்தையும் தனித்தனியே பார்த்து ஊற்றுகின்றது. பற்றரி நிறையும் தறுவாயில் அதன் வோல்ற் அளவு உச்சத்துக்கு ஏறி, பிறகு மிகச் சிறிதாக, ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கு மட்டும், கீழே இறங்கும். அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டவுடன் சார்ஜர் நிறுத்தி விடும். நல்ல சார்ஜரில் சூட்டை அளக்கும் ஏற்பாடும், ஏதும் பிழைத்தால் குறித்த நேரத்தில் நிறுத்தும் ஏற்பாடும் சேர்ந்திருக்கும். கெட்டுப் போன பற்றரியையோ மின்னேற்றக் கூடாத பற்றரியையோ போட்டால் வெளிச்சம் மின்னி மின்னிக் காட்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

‘ஸ்மார்ட்’ என்று எவரும் பெட்டியில் எழுதலாம். ஆகவே கீழ்வருவனவற்றைக் கேட்டும் பார்த்தும் வாங்குங்கள்.

1. ஒரே ஒரு பற்றரியை, அல்லது மூன்றை மட்டும் போட்டு ஏற்றலாமா? ‘இரண்டு இரண்டாகத்தான் போட வேண்டும்’ என்றால் அது தனித்தனியே பார்ப்பதில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு வெளிச்சம், அல்லது திரையில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் இருப்பது நல்லது.

2. ஏற்றும் வேகம் என்ன? ஏஏ பற்றரிக்கு 500 மில்லி அம்பியர் என்று இருந்தால், 2000 இலக்கமுள்ள பற்றரி நான்கு முதல் ஐந்து மணித்தியாலத்தில் நிறையும். வீட்டுக்கு இது போதும். ஒரு மணித்தியாலத்துக்குள் நிறைக்கும் சார்ஜர் அவசரத்துக்கு உதவினாலும் சூடு அதிகம்.

3. பின்புறத்தில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று போட்டிருக்கின்றதா? நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற். ஜப்பானுக்கென்று செய்த 100 வோல்ற் சார்ஜரை நமது சுவரில் சொருகினால் அன்றோடு முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்லும்போது இதைச் சொல்லி அனுப்புங்கள்.

4. யூஎஸ்பி வயரில் இயங்கும் சார்ஜரென்றால் அதற்கு எத்தனை அம்பியர் வேண்டும் என்று பாருங்கள். 2 அம்பியர் கேட்கும் சார்ஜருக்குப் பழைய கைத்தொலைபேசியின் சிறிய சார்ஜர் போதாது.

விலையைப் பற்றி யோசிப்பீர்கள். சார்ஜரும் நான்கு பற்றரியும் சேர்ந்த விலையை, நீங்கள் வழமையாக வாங்கும் நான்கு பற்றரியின் விலையால் வகுங்கள். விடை பத்து என்று வந்தால், பத்துத் தடவை மின்னேற்றியவுடன் போட்ட பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல பற்றரியை நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம். மின்சாரச் செலவோ மிகச் சொற்பம். நான்கு பற்றரியை முழுமையாக ஏற்ற, வீணாகும் சூட்டையும் சேர்த்து, ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே போகும்.

எங்கே பாவிப்பது, எங்கே கூடாது?

எல்லாவற்றுக்கும் இந்தப் பற்றரி என்று நினைப்பதும் தவறு. சுவர்க் கடிகாரமும் சஹருக்கு எழுப்பும் மணிக்கூடும் மிகச் சிறிதளவு மின்னையே எடுக்கும். அவற்றில் சாதாரணப் பற்றரியே பல மாதங்கள் ஓடும். விளையாட்டுச் சாமான், டோர்ச், கெமரா, கம்பியில்லா மவுஸ் போன்று அடிக்கடி பற்றரி தின்பவற்றுக்கே இது இலாபம்.

சாதாரணப் பற்றரி 1.5 வோல்ற். இது 1.2 வோல்ற். பெரும்பாலான பொருட்கள் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. ஏனெனில் சாதாரணப் பற்றரி 1.5 இல் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். இதுவோ முடியும் தறுவாய் வரை 1.2 ஐ ஒட்டியே நிற்கும். ஆனால் வயதான உம்மா, வாப்பாவின் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி போன்றவற்றில் கவனம் தேவை. நான்கு பற்றரி போடும் கருவிக்கு 6 வோல்ற்றுக்குப் பதிலாக 4.8 வோல்ற்தான் கிடைக்கும். கருவியோடு வந்த கையேட்டில் ஆல்கலைன் பற்றரி மட்டும் என்று இருந்தால் அதையே போடுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் கருவியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீடுகளில் அந்த இரவுகள் எப்படிக் கழிந்தன என்பது தாய்மாருக்குத் தெரியும். மின்னேற்றிய நான்கு பற்றரியை ஒரு பெட்டியில் எப்போதும் தயாராக வைத்திருங்கள். மின்சாரம் போன பிறகு சார்ஜரைத் தேடிப் பயனில்லை.

பாவிக்கும் முறை

இரண்டு அல்லது நான்கு பற்றரி ஒன்றாக வேலை செய்தால் அவற்றை ஒரு குடும்பமாகவே வைத்திருங்கள். மார்க்கரால் 1, 1 என்றும் 2, 2 என்றும் இலக்கமிடுங்கள். புதியதையும் பழையதையும், நிறைந்ததையும் தீர்ந்ததையும் கலந்து போட்டால் பலவீனமானது முதலில் தீர்ந்து, மற்றவை அதை எதிர்த்திசையில் தள்ளிப் பழுதாக்கி விடும். இதே காரணத்தால் டோர்ச் மங்கத் தொடங்கியதும் நிறுத்தி ஏற்றுங்கள். அடியோடு சாகும் வரை எரிய விடாதீர்கள்.

சார்ஜரை மேசையிலோ சீமெந்துத் தரையிலோ வைத்து ஏற்றுங்கள். கட்டிலிலும் தலையணையிலும் திரைச்சீலைக்கு அருகிலும் வேண்டாம். பற்றரி இளஞ்சூடாவது வழமை. கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் கழற்றி ஒதுக்கி விடுங்கள். வேலை முடிந்ததும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சில சார்ஜர்களில் பச்சை வெளிச்சம் வந்தால் நிறைந்தது; சிலவற்றில் வெளிச்சம் அணைந்தால்தான் நிறைந்தது. கையேட்டை ஒரு தடவை வாசியுங்கள், அல்லது படிக்கும் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கைகள்

சாதாரணப் பற்றரியையும் ஆல்கலைன் பற்றரியையும் இந்தச் சார்ஜரில் ஒருபோதும் போடாதீர்கள். கசியலாம், வெடிக்கவும் கூடும். பார்வைக்கு ஏஏ பற்றரியைப் போலவே இருக்கும் 3.7 வோல்ற் லித்தியம் பற்றரியும் கடைகளில் உண்டு. அதை இந்தச் சார்ஜரில் போடுவதும், 1.5 வோல்ற் வேண்டிய பொருளில் போடுவதும் ஆபத்து. யூஎஸ்பி வாயுள்ள லித்தியம் பற்றரிகளுக்கும் அவற்றுக்குரிய ஏற்பாடே பாவிக்கப்பட வேண்டும். ஆகவே வாங்கும்போதும் ஏற்றும்போதும் பற்றரியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பற்றரியைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடாதீர்கள். இரு முனைகளும் உலோகத்தில் பட்டால் சுட்டு விடும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் வட்டமான பொத்தான் பற்றரியிலே கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளை அதை விழுங்கி அது தொண்டைக் குழாயில் சிக்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கி விடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். காத்திராமல், வாந்தி எடுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

முற்றாகப் பழுதான பற்றரியை அடுப்பில் போடாதீர்கள். கிணற்றடியிலும் தோட்டத்திலும் எறியாதீர்கள். ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிப்பு எப்போது, எங்கே நடைபெறுகின்றது என்று உங்கள் பிரதேச சபையில் அல்லது நகர சபையில் விசாரித்து ஒப்படையுங்கள்.

சகோதரிகளே! இன்றே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் எந்தெந்தப் பொருளுக்கு எத்தனை பற்றரி, எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுகின்றீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு சார்ஜர் உங்கள் வீட்டுக்குத் தேவையா, இல்லையா என்று நீங்களே முடிவு செய்வீர்கள். மாதத்துக்கு இரண்டு பற்றரியும் முடியாத வீட்டுக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக் கொள்ளலாம். தேவை என்று கண்டால், மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் அதே தாளின் மறுபக்கத்தில் எழுதி, கடைக்குப் போகின்றவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.