கம்ப்யூட்டர் வேலையும் ஞாயிற்றுக்கிழமையும்

தூத்துக்குடி ரெயில் நிலையத்தில் இரவு நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

சென்னைக்குப் போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் புறப்படத் தயாராக நிற்கும். பெட்டிக்குள் மகன் உட்கார்ந்திருப்பான். ஜன்னலுக்கு வெளியே தாய் நிற்பாள். மகன் மடியில் மக்ரூன் டப்பா இருக்கும். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுப்பா" என்பாள். வண்டி நகரும். தாய் கூடவே நான்கு அடி நடப்பாள்.

அவன் என்ஜினீயரிங் படித்த பையன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெரிய துறைமுகமும், உப்பளங்களும், அனல் மின் நிலையமும், தொழிற்சாலைகளும் உள்ள ஊர் தூத்துக்குடி. ஆனால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் போனார்கள். ஊரில் அந்தத் தொழில் அவ்வளவாக இல்லை.

இப்போது அந்தத் தொழில் ஊரைத் தேடி வந்திருக்கிறது. 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தூத்துக்குடியில் "நியோ டைடல் பூங்கா" திறக்கப்பட்டது. சுமார் 32½ கோடி ரூபாய் செலவில் அரசு கட்டிய கட்டிடம். சிறிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் வாடகைக்கு இடம் எடுத்துத் தொழில் நடத்துவதற்காகவே கட்டியது. விழுப்புரம், சேலம், தஞ்சாவூர் பக்கங்களிலும் அதே ஆண்டில் இப்படிப்பட்ட கட்டிடங்கள் திறக்கப்பட்டன.

இது நல்ல காரியம். பிள்ளை சொந்த ஊரில் இருப்பான். வாடகைப் பணம் மிச்சம். ஓட்டல் சாப்பாடு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன வேலை அது?

"என்ன வேலைப்பா பார்க்கிறே?" என்று தாய் கேட்டால், "கம்ப்யூட்டர்லதாம்மா" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். தாய்க்கு அது எப்படி விளங்கும்?

பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒருவர் ஓட்டல் வைத்திருக்கிறார். அவருடைய ஓட்டலில் அறை வேண்டுபவர்கள் செல்போனிலேயே பார்த்துப் பணம் கட்ட வேண்டும். அதற்கான இணையப் பக்கத்தைச் செய்து கொடுப்பது இந்தக் கம்பெனியின் வேலை.

பக்கம் எப்படித் தெரியவேண்டும் என்று ஒருவர் வரைவார். கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளைகளை இன்னொருவர் எழுதுவார். எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். வந்து சேரும் கணக்குகளைப் பத்திரமாக வைப்பவர் ஒருவர். ஓட்டல்காரர் போனில் கோபமாகப் பேசினால், பொறுமையாகப் பதில் சொல்பவர் ஒருவர். சின்னக் கம்பெனி என்றால், இந்த ஐந்து வேலையையும் இரண்டு பேரே பார்ப்பதும் உண்டு!

இணையப் பக்கம் குடியிருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர். அது தூத்துக்குடியில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்திருப்பார்கள். ஆனால் அது நின்றுவிட்டால், எழுந்து பார்க்க வேண்டியவர் தூத்துக்குடியில் தூங்கிக்கொண்டிருப்பவர்.

சிறியது பெரிதான கதை

இது என்ன பிழைப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் சிறிதாகத் தொடங்கிய கம்பெனிகள் உலகம் முழுவதும் வியாபாரம் செய்கின்றன.

"ஜோஹோ" கம்பெனி 1996-ல் வேறு பெயரில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. தூத்துக்குடியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அந்தக் கம்பெனிக்கு அலுவலகம் இருக்கிறது. பட்டம் வாங்காத பிள்ளைகளையும் எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுக்கொடுத்து, வேலையும் கொடுக்கும் பள்ளி ஒன்றையும் அது நடத்துகிறது. கிராமத்தில் இருந்துகொண்டு உலகத்துக்கு வேலை செய்ய முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2010-ல் கிரீஷ் மாத்ருபூதமும் அவருடைய நண்பரும் சென்னையில் ஒரு சிறிய இடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுடன், ஒரு கம்பெனியைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னர் "பிரெஷ்வொர்க்ஸ்" என்று பெயர் பெற்றது. 2021-ல் அதன் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தன. அன்று இந்தியாவில் அதன் ஊழியர்கள் 500 பேருக்கு மேல் கோடீசுவரர் ஆனார்கள். ஊழியர்களுக்கும் கம்பெனியில் பங்கு கொடுத்திருந்ததே காரணம். கோவையில் உள்ள "கோவை.கோ" என்ற கம்பெனி, தன் பழைய ஊழியர்கள் 140 பேருக்குச் சுமார் 14 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுப்பதாக 2025-ல் அறிவித்தது.

எல்லாக் கம்பெனியும் இப்படி ஆகிவிடாது. பல கம்பெனிகள் இரண்டு வருஷத்தில் கதவைச் சாத்திவிடும். ஆகையால் கோடி ரூபாய்க் கனவு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மாதச் சம்பளத்தையும் இந்த வார ஓய்வையும் முதலில் பார்ப்போம்.

கடிகாரம்தான் சிக்கல்

நியூயார்க் நகரில் காலை 9 மணி அடிக்கும்போது தூத்துக்குடியில் மாலை 6½ மணி. அவர்களுடைய குளிர்காலத்தில் 7½ மணி. அவர் அப்போதுதான் காப்பி குடித்துவிட்டு அலுவலகம் வருவார். இங்கே பையன் காலையிலிருந்து உட்கார்ந்த களைப்போடு வீடு திரும்பும் நேரம். "ஒரு நிமிஷம் பேச வேண்டும்" என்று போன் வரும். அந்த ஒரு நிமிஷம் இரவு 11 மணிக்கு முடியும். சோறு ஆறிப்போயிருக்கும்.

ஓட்டல்காரருக்கு வியாபாரம் கூடுவது சனிக்கிழமை மாலை. அங்கே சனிக்கிழமை மாலை என்றால், இங்கே ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. பக்கம் நின்றுபோனால் அந்த நேரத்தில்தான் நின்றுபோகும்! ஞாயிறு காலை கோவிலுக்கோ, மாதா கோவிலுக்கோ குடும்பம் புறப்பட்டு நிற்கும். பிள்ளை மட்டும் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் பின்னாடி வாரேன்" என்பான். வரமாட்டான்.

2020-ல் கொரோனா வந்தது. வீட்டிலிருந்தே வேலை என்ற வழக்கம் பரவியது. வீடு அலுவலகமாக மாறிய பிறகு அலுவலகம் எத்தனை மணிக்கு மூடும் என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

தூத்துக்குடிக்கு இது புதிது அல்ல

வார விடுமுறைக்காகப் போராடி வென்ற ஊர் தூத்துக்குடி.

1908-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27-ந் தேதி இங்கே கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மில் வெள்ளைக்காரர்களுடையது. நீண்ட நேர வேலை, குறைந்த கூலி, ஓய்வு நாள் கிடையாது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். நகர மக்களும் துணை நின்றார்கள். மார்ச் மாத முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வார விடுமுறையும் கிடைத்தது. சில நாட்களில், மார்ச் 12-ந் தேதி, சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார்.

அவரும் ஒரு கம்பெனி நடத்தியவர் என்பதை மறக்கக்கூடாது. 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். முதலாளியின் கவலை என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தொழிலாளியின் ஓய்வு நாளுக்காகப் பேசினார்.

1947-ல் வந்த தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை கட்டியது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கொடுக்கச் சொன்னது. மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. 2019-ல், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் கடைகளையும் நிறுவனங்களையும் திறந்து வைக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. அப்போதும், முறை வைத்து ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை போட்டது. கம்ப்யூட்டர் ஊழியர்களும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று 2016-ல் அரசு தெளிவுபடுத்தியது. சட்டத்துக்குக் குறைவில்லை. அது ஏட்டில் இருக்கிறது. பையன் மொட்டை மாடியில் போனோடு இருக்கிறான்.

முதலாளியின் பக்கம்

சின்ன முதலாளியைத் திட்டுவது சுலபம். அவருக்கு மூன்று வாடிக்கைக்காரர்கள் இருப்பார்கள். ஒருவர் போய்விட்டால் அந்த மாதச் சம்பளம் போடக் கடன் வாங்க வேண்டும். ஆகவே ராத்திரி வரும் போனை மறுக்கப் பயப்படுகிறார். பல இடங்களில் அவரும் தூங்குவதில்லை.

ஆனால் பயத்துக்கு மருந்து முறை வைப்பதுதான். இன்று இரவு ஒருவர் விழித்திருந்தால், நாளைப் பகலில் அவருக்கு ஓய்வு. இந்த ஞாயிறு வந்தவருக்கு அடுத்த இரண்டு ஞாயிறும் வீட்டில். எந்த நேரத்தில் யார் பேசுவார் என்று வாடிக்கைக்காரரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சொன்னால் அவர்களும் கேட்பார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊர் ஊராக மின்சாரம் போயிற்று, போன் போயிற்று. இங்கே இப்படி நடந்தது என்று சொல்லாமல் அமெரிக்க ஓட்டல்காரருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கடலில் முத்துக்குளித்த காலத்தில், காலை வெயில் ஏறும்போது குளிக்கத் தொடங்குவார்கள். மதியத்தோடு நிறுத்தித் தோணிகள் கரைக்குத் திரும்பும். கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் மூழ்கினால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஒருவர் நிற்பார். மைத்துனனிடம்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வது உண்டு. தன் அக்காள், தங்கை தாலியை அவன் காப்பாற்றுவான் அல்லவா! மூழ்குவதற்கும் ஒரு நேரம், ஏறுவதற்கும் ஒரு நேரம் வைத்திருந்தார்கள். 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு இங்கே நடக்கவில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளை வேலைக்குச் சேரும் நாளில் இனிப்பு வாங்குவது சரி. கூடவே சில கேள்விகளையும் கேட்க வேண்டும். நியமனக் கடிதம் கொடுத்தார்களா? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி அது கட்டாயம். வார விடுமுறை எந்த நாள் என்று சொன்னார்களா? 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடம் என்றால், வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா? மகள் இரவில் வேலை பார்த்தால், வீடு வரைக்கும் வண்டி உண்டா? "இத்தனை வருஷம் வேறு வேலைக்குப் போகமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டி வைக்கும் இடமாக இருந்தால், அங்கே பிள்ளையை அனுப்பவே கூடாது.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொழிலாளர் துறை அதிகாரிகள் பகலில் கடை வீதிக்குப் போய் விசாரிக்கிறார்கள். இந்தப் புதிய அலுவலகங்களுக்கு அவர்கள் இரவு 10 மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். விளக்கு எரியும் மேஜையில் உட்கார்ந்திருப்பவரிடம், "காலையில் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும்.