மாதம் ஒரு சிந்தனை: யாருடைய வயதைக் கணக்கிடுவது?

விமான் நகரில் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் வேண்டியதில்லை என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. லோஹகாவ் நிலையத்திலிருந்து எழும் விமானங்களின் ஓசையே பொழுதை அறிவித்துவிடும். விமானப் படையின் போர் விமானங்களும் பிரயாணிகளின் விமானங்களும் அங்கே ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. பேட்டையின் பெயரிலேயே விமானம் இருக்க, இங்கு வளரும் நம் குழந்தைகளில் சிலர் விமானியாக விரும்புவதில் வியப்பொன்றும் இல்லை.

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், இப்பேட்டையிலே இருபது ஆண்டுகளாக வாழ்ந்து வரும் அம்மையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மூத்த மகன் விமானி லைசென்ஸ் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் உத்தியோகம் அமையவில்லை. பயிற்சிக்கு வாங்கிய கடனில் பாதிகூடத் தீரவில்லை. இப்போது யாரோ ஒருவர், "மேலும் சில லட்சம் செலவிட்டு, ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சியையும் முடித்துவிட்டால் வேலை நிச்சயம்" என்று ஆசை காட்டியிருக்கிறார். அதற்கு அம்பாசமுத்திரத்திலுள்ள பூர்வீக வீட்டை அடகு வைக்கலாமா என்பது வீட்டில் நடக்கும் விவாதம்.

"பையனுக்கு இருபத்தாறு ஆகிவிட்டது, ஐயா. இருபத்தாறு வயதிலே ஒரு பெண் காப்டனாகவே ஆகிவிட்டாளாமே! இவனுக்கு வயது போய்விட்டதா? அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார் அந்த அம்மையார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழும் கேள்வியே. ஆதலால் அவரிடம் சொன்னவற்றைச் சிறிது விரித்து ஈண்டு எழுதுகிறேன்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். நம் நாட்டில் பதினாறு வயதில் மாணவ விமானியாகலாம். பதினேழில் சொந்த முறையில் பறப்பதற்கான லைசென்ஸ் பெறலாம். பதினெட்டில், 200 மணி நேரம் பறந்திருந்தால், ஊதியத்துக்குப் பறக்கும் லைசென்ஸ் பெறலாம். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் படித்துத் தேறியிருத்தல் வேண்டும். பிரயாணிகளின் பெரிய விமானத்துக்குத் தலைமை ஏற்கும் லைசென்ஸுக்கு வயது இருபத்தொன்று, பறந்த நேரம் 1,500 மணி. அதற்கு மேலும் பல மணி நேர அனுபவத்தைக் கம்பெனிகள் தாமே எதிர்பார்ப்பதுண்டு. மறுகோடியில் இருக்கும் எல்லை அறுபத்தைந்து வயது. ஓராண்டில் 1,000 மணிக்கு மேல் ஒருவர் பறக்கலாகாது என்றும் விதி இருக்கிறது. ஆகவே எவ்வளவு அவசரப்பட்டாலும் மணிகள் தம் வேகத்திலேதான் சேரும்.

அந்த மேல் எல்லையும் நிலையாக நின்றதன்று. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டு முதல் அறுபது வயதே முடிவு என்று விதித்திருந்தார்கள். 2006இல் சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம், இரு விமானிகள் ஓட்டும் விமானங்களில் அறுபத்தைந்து வரை பறக்கலாம் என்று அனுமதித்தது. 2007இல் அமெரிக்காவும் அதைப் பின்பற்றியது. ஆனால் அறுபதைத் தாண்டியவருக்கு ஆண்டுக்கொரு முறை நடந்த தேகப் பரிசோதனை ஆறு மாதத்துக்கொரு முறையாகிறது. மனிதனுடைய ஆண்டுகளைக் காட்டிலும் அவன் கண்ணையும் இருதயத்தையும் நம்புவது மேல் என்பது இதன் கருத்து.

அம்மையார் குறிப்பிட்ட பெண்மணி நிவேதிதா பாசின். 1990 ஜனவரி முதல் தேதி, இருபத்தாறு வயதில், அவர் போயிங் 737 ஜெட் விமானத்துக்குத் தலைமை ஏற்றுப் பறந்தார். ஜெட் விமானத்துக்குத் தலைமை ஏற்ற பெண்களில் உலகிலேயே மிக இளையவர் என்ற புகழும் பெற்றார். ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் 1984ஆம் ஆண்டிலேயே இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்துவிட்டவர். பத்தொன்பது வயதில் ஏர் இந்தியாவில் சேர்ந்த ஆனி திவ்யா, 2017இல் முப்பது வயதில் போயிங் 777 விமானத்தின் காப்டனானார். அதற்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. இவர்கள் திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. அத்துடன், கதவு திறந்திருந்த வேளையில் வாசலிலே நின்றவர்கள். கதவு மூடியிருக்கும் காலத்தில் வந்து நிற்பவனை அவர்களோடு ஒப்பிட்டு வயதைச் சுட்டிக்காட்டுதல் நியாயமாகாது.

இத்தொழிலில் கதவு அலை அலையாகத் திறந்து மூடுவது வழக்கம். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. 2020இல் கொள்ளைநோய் வந்து எல்லா விமானங்களையும் தரையிலே கட்டிப்போட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி அனுபவமுள்ளவர்கள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களோடு ஒரே வரிசையில், 200 மணி மட்டுமே கைவசமுள்ள இளைஞனும் நிற்க வேண்டியதாயிற்று. மறுபுறம், அதே 2023ஆம் ஆண்டில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவை யாவும் ஒரே நாளில் வந்து இறங்குவன அல்ல. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக வருவன. ஆகவே நம்பிக்கைக்கு இடமுண்டு, அவசரத்துக்கு இடமில்லை.

சரி, மணிகள் சேர்ந்துவிட்டால் அனுபவம் வந்துவிடுமா? இதற்கு விடை கூறும் இரண்டு நிகழ்ச்சிகள், நான்கே வார இடைவெளியில், அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்திலேயே நடந்தன.

2009 ஜனவரி 15ஆம் தேதி, நியூயார்க் நகரிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் விமானம் ஒன்றில் பறவைக் கூட்டம் மோதி இரு இஞ்சின்களும் செயலற்றன. காப்டன் சல்லன்பர்கருக்கு வயது ஐம்பத்தேழு. ஏறத்தாழ 20,000 மணி பறந்தவர். அவர் ஹட்ஸன் நதியிலேயே விமானத்தை இறக்கினார். உள்ளே இருந்த 155 பேரும் பிழைத்தனர். இது பலரும் அறிந்த கதை. அவர் அருகில் அமர்ந்திருந்த துணை விமானி ஸ்கைல்ஸின் கதையைப் பலர் அறியார். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. 15,000 மணிக்கு மேல் பறந்தவர். முன்பு தாமே காப்டனாக இருந்தவர். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, வரிசைக் கிரமத்தில் கீழே இறங்கித் துணை விமானியின் ஆசனத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த வகை விமானத்தில் அவருக்கு அன்றுவரை இருந்த அனுபவம் 37 மணி மட்டுமே! ஆனாலும் அந்தச் சில நிமிஷங்களில் அவர் கை நடுங்கவில்லை. இஞ்சினை மீண்டும் இயக்கும் முறைகளைப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். பதவி இறங்கியதால் அவருடைய அனுபவம் இறங்கிவிடவில்லை.

பிப்ரவரி 12ஆம் தேதி, பஃபலோ நகருக்கு அருகே இன்னொரு சிறிய விமானம் விழுந்தது. தரையிலிருந்த ஒருவர் உட்பட ஐம்பது பேர் மாண்டனர். விமானத்தின் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தபோது எச்சரிக்கை எழுந்தது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்ட வேண்டிய தருணத்தில் காப்டன் பிடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. இதற்குப் பிறகு அமெரிக்க அரசாங்கம், துணை விமானிக்கும் 1,500 மணி வேண்டும் என்று சட்டம் செய்து 2013இல் அமுலாக்கியது. இதில் ஓர் விசித்திரம் உண்டு. விழுந்த விமானத்தின் காப்டன் 3,000 மணிக்கு மேலும், துணை விமானி 2,000 மணிக்கு மேலும் பறந்தவர்களே! எண்ணிக்கை அங்கே குறைவாக இல்லை. அந்த எண்ணிக்கைக்குள்ளே என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. ஒரே மணி நேரத்தை மூவாயிரம் தடவை வாழ்வதும், மூவாயிரம் மணி நேரம் கற்றுக்கொண்டே வாழ்வதும் ஒன்றல்லவே.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு அம்மையாரின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைக்கு வயது போகவில்லை. இருபத்தெட்டில் அவன் சேர்ந்தாலும் அறுபத்தைந்துக்கு முப்பத்தேழு ஆண்டுகள் உள்ளன. அந்த முப்பத்தேழில் ஓராண்டு பிந்துவது பெரிய நஷ்டமன்று. ஆனால் அன்று நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன்: "வீட்டுக்காரருக்கு என்ன வயது, அம்மா?"

சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "ஐம்பத்தேழு. தொழிற்சாலையில் இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் உத்தியோகம்" என்றார்.

இதுதான் நாம் கணக்கிட மறக்கும் வயது. பிள்ளையின் லைசென்ஸ் காத்திருக்கும். தகப்பனாரின் சம்பளம் காத்திராது. வேலையில் சேருவதற்கு முன்னரே வாங்கும் இரண்டாவது கடன், ஓய்வூதியத்தின்மீதும் ஊரிலுள்ள கூரையின்மீதும் ஏறும் கடனாகும். "வேலை நிச்சயம்" என்று வாயால் சொல்பவரைக் கம்பெனியின் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தில் வேலை உத்தரவு வந்த பின் வாங்கும் கடன் ஒரு வகை. ஆசையின்மேல் வாங்கும் கடன் வேறு வகை. இரண்டாவதுக்குப் பூர்வீக வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

அப்படியானால் பையன் சும்மா இருப்பதா? இல்லை. பயிற்றாசிரியர் தகுதி பெற்று, பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர முயலலாம். நம் புனே ஜில்லாவிலேயே பாராமதியில் விமானப் பயிற்சி நடைபெறுகிறது. பிறருக்குக் கற்பிப்பவனுக்கு மணியும் சேரும், அறிவும் கூர்மையாகும். விமான நிலையத்திலோ கம்பெனியின் இயக்கப் பிரிவிலோ தரை வேலை கிடைப்பினும் தள்ளலாகாது. தபால் மூலமேனும் ஒரு பட்டப் படிப்பை முடித்துக்கொள்ளட்டும். பார்வையோ இரத்த அழுத்தமோ காரணமாக, நன்றாகப் பறந்துகொண்டிருந்தவர்களும் ஒரே பரிசோதனையில் தரைக்கு வந்துவிடும் தொழில் இது. கையில் இரண்டாவது தொழில் இருப்பது கோழைத்தனமன்று.

பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் மற்றைய பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன், விமானிகளுக்கென விதிக்கப்பட்ட முழுத் தேகப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். நிறம் பிரித்தறியும் பார்வையை முக்கியமாகக் கவனியுங்கள். லைசென்ஸுக்கும் முதற் சம்பளத்துக்கும் இடையே இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தால் குடும்பம் தாங்குமா என்பதை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். தாங்காதென்றால், முதலில் ஒரு வேலை, சிறிது சேமிப்பு, பிறகு பயிற்சி என்ற வரிசையில் செல்லலாம். சட்டம் அதற்குத் தடை சொல்லவில்லை.

இந்தியாவின் முதல் விமானி லைசென்ஸை 1929இல் பெற்றவர் ஜே. ஆர். டி. டாடா. 1932 அக்டோபர் 15ஆம் தேதி அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் சிறு விமானத்தை ஓட்டி வந்தார்; அங்கிருந்து நெவில் வின்சென்ட் அத்தபாலைப் பல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982இல், எழுபத்தெட்டாவது வயதில், டாடா அதே கராச்சி–பம்பாய் வழியை மறுபடியும் தாமே ஓட்டி வந்தார். சொந்த உவகைக்காகப் பறப்பவருக்கு அறுபத்தைந்து என்ற தடை இல்லை. ஆகாயம் யாரையும் வயது கேட்டு விரட்டுவதில்லை. ஆனால் அவர் பறந்தது பிறர் கடனில் அன்று.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைக் கடைத்தெருவில் சந்தித்தேன். "மாமா, வீட்டை வைக்க வேண்டாம் என்று நானே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பயிற்றாசிரியர் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன்" என்றான். அப்போது தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சை நிறுத்திவிட்டு, அது கட்டடங்களுக்குப் பின்னால் மறையும்வரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் அவசரம் இல்லை. ஆசை குறையவும் இல்லை. "நல்லது, தம்பி" என்று சொல்லி விடைபெற்றேன்.