வெயிலையும் கணக்குப் பார்ப்போம்

போன மாசம் பாவூர்சத்திரம் சந்தையில் காய் வாங்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டுக்குள்ள சுளவை மடியில வச்சுப் பீடி சுத்திக்கிட்டிருந்தா. கல்லூரிக்குப் போற அவ மக கண்ணாடி முன்னால நின்னு முகத்துல வெள்ளையா எதையோ தேய்ச்சுக்கிட்டிருந்தா. சன்ஸ்கிரீனாம். அக்காவோட ஒருநாள் பீடிக்கூலி அந்த டியூபுக்குப் போயிருக்கு.

"இது எதுக்குட்டி?"ன்னு கேட்டேன்.

"வெயில்ல கறுத்துட்டேன்னு சொல்லுதாவ மாமா. கறுப்பா இருந்தா எந்த ஊரு, எந்தத் தெருன்னு வேற கேக்காவ."

எனக்குக் கோவம் வந்துருச்சு. கறுப்புதான் அழகு, கம்பெனிக்காரன் ஏமாத்துறான், தூக்கி எறின்னு மேடைப்பேச்சு பேசிட்டேன். பிள்ளை வாய் திறக்கல. அக்காதான் சொன்னா: "நீ நிழல்ல உக்காந்து பேசுத. அவதான் பஸ்ஸுல போயிட்டு வாரா." அது உறுத்திக்கிட்டே இருந்தது. கோஷம் போட்டது போதும், கணக்குப் பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெயிலுக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். பேஷ்வா ஆட்சியில் பிற்பகல் 3 மணியிலிருந்து மறுநாள் காலை 9 மணி வரை மகர்களும் மாங்குகளும் புனே நகரத்துக்குள் இருக்கக்கூடாது என்று விதி இருந்தது. அந்த நேரத்தில் நிழல் நீளமாக விழும், மேல்சாதிக்காரன் மேல் பட்டால் தீட்டாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம திருநெல்வேலி மாவட்டத்திலேயே பகலில் வெளியே வரக்கூடாது, கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒடுக்கப்பட்ட புதிரை வண்ணார்களைப் பற்றி 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழ் எழுதியது. நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில்தான் அவர்கள் துணி வெளுக்க முடிந்தது. யார் துணி? நம்மைப் போன்ற மற்றத் தீண்டப்படாத சாதிகளின் துணி. இதையும் மறைக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஆக, யார் வெயிலில் கிடக்கணும், யாருக்கு வெயிலே கூடாது என்பதையெல்லாம் இங்கே சாதிதான் தீர்மானித்து வந்திருக்கிறது.

இனி உடம்புக் கணக்கு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் 'பி' வகை தோலில் படும்போதுதான் விட்டமின் டி உண்டாகிறது. எலும்புக்கும் தசைக்கும் அது வேணும். சாப்பாட்டில் சாளை மாதிரியான மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் கிடைக்கும். சோற்றிலும் குழம்பிலும் இல்லை. நம்ம கறுப்புத் தோலில் இருக்கிற மெலனின் அந்தக் கதிரை வடிகட்டுகிறது. அதனால் வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருகிற அளவுக்குத் தோல் புற்றுநோய் நமக்கு வருவதில்லை. ஆனால் அதே காரணத்தால் விட்டமின் டி உண்டாக நமக்குக் கூடுதல் நேரம் வெயில் வேணும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் இதுக்கு உதவாது.

இப்போ அக்காவைப் பாருங்க. வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்துக்கிட்டு, விடிஞ்சதிலிருந்து இருட்டுற வரைக்கும் கூரைக்கு அடியில பீடி. "முட்டு வலிக்கி, எந்திரிக்க முடியல தம்பி"ம்பா. ரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி ரொம்பக் கம்மின்னு வந்தது. அவளுக்கு வெயில்தான் மருந்து. நம்ம நிழல் நம்ம உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில், அதாவது காலை பத்து பதினோரு மணி வாக்கில், கை கால் வெயிலில் படும்படி அரைமணி நேரம் முற்றத்தில் உட்கார்ந்தால் பலன் உண்டு.

வயக்காட்டிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிற நம் சனங்களுக்குக் கணக்கு வேற. அவங்களைக் கொல்வது சூடு. வெப்ப மயக்கம், நீர் வற்றி சிறுநீரகம் கெடுவது, கண்ணில் புரை. சன்ஸ்கிரீன் கதிரைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சுடுகிற கதிரில் 100க்கு சுமார் 97 தடுக்கப்படும். 50 என்றால் 98. அதுவும் உடம்பு முழுக்கப் பூச ஒரு தடவைக்கு சுமார் 30 மி.லி. வேணும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசணும். பாதி உடம்புக்கு நாலு தடவை என்றாலே 60 மி.லி. ஒரு டியூபு ஒருநாளைக்குக் காணாது. எந்தக் கூலிக்காரியால் முடியும்? தலைத்துண்டு, முழுக்கைச் சட்டை, மரநிழல், தண்ணீர், வேலை நேரத்தை மாத்துவது, இதுதான் அவளுக்குப் பாதுகாப்பு.

அப்படியானால் சன்ஸ்கிரீனே ஏமாற்றா? இல்லை. பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. வெண்புள்ளி, லூபஸ், முகத்தில் மங்கு உள்ளவர்களுக்கும் வேணும். ஏமாற்று எங்கே என்றால், மருந்தையும் சிவப்பழகையும் ஒரே டியூபில் அடைத்து விற்பதில். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' ஆனது. பேர் மாறியது, பயம் அப்படியே இருக்கிறது.

சாதிக்கு இன அடிப்படை இல்லை என்று 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள் யார்?' நூலில் அம்பேத்கர் மூக்கின் அளவுகளைக்கூட எடுத்துவைத்து வாதிட்டார். நம்ம தெருவிலேயே சிவப்பாக இருக்கிறவர்கள் எத்தனை பேர்! அவங்களிடம் தெருப்பேர் கேட்காமல் விட்டானா? மருமகளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். கறுப்பை வெளுத்தாலும் அந்தக் கேள்வி வரும். கேட்கிறவனைத்தான் நிறுத்தணும். டியூபைத் தூக்கி எறியச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். முகம் எரியுதுன்னா பூசட்டும், பயந்து பூச வேண்டாம்.

2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே வேலைத்தளத்தில் குடிதண்ணீரும் நிழலும் இருக்கணும் என்று எழுதினார்கள். எத்தனை தளத்தில் நிழலைப் பார்த்தோம்? 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். சாகாமல் இருக்க என்ன வழி? கூலி குறையாமல் உச்சிவேளை ஓய்வு என்று விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கேட்கணும். பீடிச் சங்கங்கள் கூலி உயர்வோடு சேர்த்து விட்டமின் டி பரிசோதனையையும் கோரிக்கையில் எழுதணும். மாணவத் தோழர்கள் தங்கள் தெருவில் யாருக்கு வெயில் கூடுதல், யாருக்கு வெயிலே இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வாங்க. அந்தக் கணக்கோடு போய் அதிகாரிகளிடம் பேசுவோம்.