கிளையை எங்கே வெட்டுவது?

மரங்களைப் பேணுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்குக் கேள்வியே விளங்குவதில்லை. தோட்டக்காரர் வேலையா, வனத்துறை வேலையா, மரம் வெட்டுகிற வேலையா என்று திருப்பிக் கேட்கிறார்கள். மூன்றும் இல்லை, மூன்றிலும் கொஞ்சம் உண்டு. வேலை இன்னதென்று தெரிந்தால்தான் எதைப் படிப்பது என்பதும் தெரியும். அதனால் படிப்பைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு கிளையைப் பார்ப்போம்.

தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையொன்று மின்கம்பியை உரசுகிறது. மழைக்கு முன் அதை எடுத்தாக வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் கைக்கு எட்டிய இடத்தில் வெட்டி, முளைபோல நீட்டிக்கொண்டிருக்க விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் அடிமரத்தோடு ஒட்ட வழித்துவிடுவார்கள். இரண்டுமே தவறு. கிளை மரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல ஒரு தடிப்பு இருக்கும். வெட்டு அந்தத் தடிப்புக்குச் சற்று வெளியே விழ வேண்டும். கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கினால், பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். ஆகவே ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் முதல் வெட்டு. அதற்கும் வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு. பாரம் இறங்கியபின், மிஞ்சிய முளையைத் தடிப்பையொட்டி எடுக்கும் மூன்றாம் வெட்டு. கவாத்து என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வேலைக்குள் இவ்வளவு இருக்கிறது.

ஏன் அந்த இடம்? அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். நம் தோலில் பட்ட புண் ஆறுகிறது. மரத்தில் பட்ட புண் ஆறுவதே இல்லை. அழுகல் பரவாதபடி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிப் புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. கிளையடித் தடிப்பு அந்தத் தடுப்பின் முக்கியமான இடம். அதை வழித்தெடுத்தால் காவலைக் கலைத்துவிட்டோம் என்று பொருள். புண்ணில் தாரோ பெயின்ட்டோ பூசினாலும் உள்ளே அழுகல் நிற்காது என்பதையும் அவர் காட்டினார். தென்னைக்கும் பனைக்கும் இந்த வசதிகூடக் கிடையாது. ஆண்டுக்காண்டு புது மரம் கட்டும் அடுக்கு அவற்றின் தண்டில் இல்லை. ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி அந்த மரம் சாகும்வரை அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

விழுந்துவிடும் என்று பயந்து தலையை மொட்டையடிப்பது இன்னொரு பழக்கம். வெட்டிய இடத்தைச் சுற்றிச் சிம்புகள் கொத்தாகக் கிளம்பும். பழைய கிளையைப்போல அவை மரத்துக்குள் ஆழமாகப் பிணைந்தவை அல்ல. பட்டைக்கு அடியில் மேலோடு ஒட்டியவை. சில ஆண்டுகளில் கனத்து, காற்றில் பிய்ந்துகொண்டு விழும். ஆபத்தைக் குறைப்பதாக நினைத்து ஆபத்தை நாமே வளர்க்கிறோம். இதை ஒவ்வோர் ஆண்டும் தெருத்தெருவாகப் பார்க்கையில் மனம் பதைக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வெளிநாட்டு மரங்களை நட்டதால்தான் என்று பேசிக்கொண்டோம். அது பாதி உண்மை. மீதி பூமிக்கு அடியில் கிடக்கிறது. நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேலே இரண்டு அடி மண்ணுக்குள்ளேயே, மரத்தின் குடைநிழலையும் தாண்டிப் பரந்திருக்கும். அவற்றுக்குக் காற்று வேண்டும். நாமோ அடிமரம்வரை சிமென்ட் போடுகிறோம். வடிகால் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் மொத்தமும் அறுபடுகிறது. உடனே ஒன்றும் தெரியாது, இலை பச்சையாகத்தான் இருக்கும். பிறகொரு மழைக்காலத்தில் மண் இளகியபின், வேர் இழந்த அந்தப் பக்கம் மரத்தைப் பிடித்து நிறுத்தாது. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013இல் உத்தரவிட்டதற்குக் காரணம் இந்த வேர்கள்தான்.

ஆக, மரப் பராமரிப்பு என்பது தனித்தனி மரத்தின் உடலை வாசிக்கும் வேலை. வனவியலிலிருந்து அது இந்த இடத்தில் பிரிகிறது. வனவியல் மரக்கூட்டத்தைப் பார்க்கிறது. மரப் பராமரிப்பாளரோ மனிதர்கள் நடமாடும் இடத்தில் நிற்கும் ஒற்றை மரத்தைப் பார்க்கிறார். ஆனாலும் அடித்தளம் ஒன்றே. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் நான்காண்டு வனவியல் பட்டமோ, கோவை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிகளின் பட்டமோ, தாவரவியல் பட்டமோ நல்ல தொடக்கம். இந்தப் படிப்புகளில் மண், பூஞ்சை, பூச்சி, மரத்தின் உள்ளமைப்பு பற்றிச் சொல்லித்தருவதை இது வேறு பாடம் என்று தள்ளிவிடக் கூடாது. தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமான கானோடெர்மா பூஞ்சையைப் படித்தவருக்கு, சாலையோர மரத்தின் அடியில் விசிறிபோல முளைத்த காளான் என்ன சொல்கிறது என்று புரியும்.

பட்டம் மட்டும் போதாது. கயிறும் இடுப்புவாரும் கட்டி ஏறவும், இயந்திர ரம்பத்தை அடக்கிப் பிடிக்கவும், மின்கம்பிக்குத் தள்ளி நிற்கவும் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் இருந்துதான் பழக வேண்டும். தலைக்கவசமில்லாமல் வெறுங்காலோடு நம் ஆட்கள் ஏறுவதைத் திறமை என்று மெச்சுகிறோம். அவர்களுடைய உயிருக்கு நாம் காட்டும் அலட்சியம் அது. அமெரிக்காவில் 1924இல் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் தரும் சான்றிதழைப் பல நாடுகளில் மதிக்கிறார்கள். அதன் தேர்வு எழுத மூன்றாண்டு முழுநேர அனுபவம் கேட்கிறார்கள். தொடர்புடைய பட்டம் இருந்தால் அதில் ஒரு பங்கு குறையும். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். தயாராக மேசை போட்டு அழைக்கும் வேலை இல்லை இது என்பதையும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. மாநகராட்சிகள், பெரிய வளாகங்கள், மரங்களை வேரோடு பெயர்த்து வேறிடம் நடும் மெட்ரோ ரயில் பணிகள் என்று தேடிப் போய்த் தொழிலைக் கட்ட வேண்டியிருக்கும்.

இந்தத் தொழிலில் மிகக் கடினமானது ஏறுவது அல்ல, கணிப்பது. மரப் பராமரிப்பில் சிங்கப்பூரை உதாரணம் காட்டாதவர் இல்லை. அங்கே தாவரவியல் பூங்காவில் 270 வயது தாண்டிய டெம்புசு மரம் 2017 பிப்ரவரியில் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். ஆண்டுக்கு இருமுறை சோதிக்கப்பட்ட மரம் அது. சில மாதங்களுக்கு முந்தைய சோதனையில் நலமாக இருப்பதாகவே பதிவாகியிருந்தது. சுத்தியலால் தட்டிக் கேட்கலாம், மெல்லிய ஊசியைச் செலுத்தி மரத்தின் உறுதியை அளக்கலாம், ஒலியலை அனுப்பி உள்ளே பொந்து எவ்வளவு என்று படம் எடுக்கலாம். அதற்குப் பிறகும் கொஞ்சம் தெரியாமல்தான் இருக்கும். பொந்து விழுந்த மரமெல்லாம் விழப்போகிற மரமும் அல்ல. நடுவில் வைரம் அரித்துப்போனாலும், சுற்றுச்சுவர் போதிய தடிப்போடு இருந்தால் மரம் பல காலம் நிற்கும்.

இந்த மரம் விழுமா என்று வீட்டுக்காரர் கேட்கும்போது பயந்து வெட்டச் சொல்வது சுலபம், விழாது என்று வாக்குக் கொடுப்பதும் சுலபம். படித்தவர் மரத்தைச் சுற்றிவந்து, அடிமண்ணைக் கிளறிப் பார்த்து, எந்தக் கிளையை எந்த இடத்தில் எடுப்பது என்று சுண்ணாம்பால் குறி வைப்பார். எதைப் பார்க்க முடியவில்லை என்பதையும் எழுதிக் கொடுப்பார். ஐப்பசி மழைக்கு முன் மறுபடி வந்து பார்க்க ஒரு நாளும் குறித்துவிட்டுப் போவார்.